கூட்டணி, குரூப்பிசம், வெளிநடப்பு

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம்: 'குரூப்பிசம்'. 2017 ஜூன் 25இல் தமிழில் 'பிக் பாஸ்' தொடங்கியதிலிருந்து வீட்டுக்கூடத்திலும் டீக்கடையிலும் சரளமாகப் புழங்குகிற சொல் இது. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் குரூப்பிசம். ஒருவருக்காக இன்னொருவர் பரிந்து பேசினால் குரூப்பிசம். 'அவங்க தனியா விளையாடுறாங்க' என்பது பாராட்டு. 'சேர்ந்து ஆடுறாங்க' என்பது குற்றச்சாட்டு. கேன்டீன் வாசலில் தொழிலாளர்கள் கூடி நிற்பதைப் பார்க்கிற ஆலை மேலாளர் எந்தத் தொனியில் பேசுவாரோ, அதே தொனியில் அந்தத் தொழிலாளியே ராத்திரி டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்.

நம் வட்டாரங்களில் இதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. 'நுகர்வுப் பண்பாட்டுக் குப்பை, இதையெல்லாம் பேசிக்கொண்டு...' என்று கையை உதறுவது. உதறிவிட்டு வீட்டுக்குப் போய் யார் யாரை நாமினேட் செய்தார்கள் என்று பார்ப்பவர்களும் நமக்குள் உண்டு, அது வேறு விஷயம். குப்பை என்று சொல்லிவிட்டால் வாசிக்க வேண்டிய பொறுப்பு தீர்ந்துபோகிறது. ஆனால் கூடுவது, அணி சேர்வது, வெளியேற்றுவது, காட்டிக்கொடுப்பது என்று நம் அரசியலின் மிக அடிப்படையான வினைச்சொற்களை வைத்துக்கொண்டுதான் இந்த விளையாட்டு நடக்கிறது. அந்தச் சொற்களுக்கு இது என்ன அர்த்தம் கற்பிக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. கேட்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், 2000ஆம் ஆண்டின் அமெரிக்கக் கோடைக்கு.

அந்தக் கோடையில் சிபிஎஸ் என்கிற ஒரே தொலைக்காட்சி நிறுவனம் இரண்டு போட்டிகளை ஒளிபரப்பியது. ஒன்று 'சர்வைவர்'. மலேசியாவின் சபா கரையோரத்துப் புலாவ் திகா தீவில் 16 பேர், 39 நாள், கடைசியில் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர். இரண்டு 'பழங்குடி'களாகப் பிரித்துவிட்டார்கள். தோற்கிற குழு தீப்பந்தத்தோடு இரவில் கூடி, தங்களில் ஒருவரை வாக்களித்து விலக்க வேண்டும். (பழங்குடி, தீப்பந்தம், மன்றம் என்கிற அந்தக் காலனியக் கற்பனையே தனிக் கட்டுரைக்குரியது.) மற்றது 'பிக் பிரதர்'. 1999இல் நெதர்லாந்தில் ஜான் டி மோல் தொடங்கியதன் அமெரிக்கப் பதிப்பு. பத்துப் பேர், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஸ்டூடியோவுக்குள் கட்டிய வீடு, எல்லா மூலையிலும் கேமரா. இங்கே உள்ளே இருப்பவர்கள் பெயரை முன்மொழியலாம், அவ்வளவுதான். யாரைத் துரத்துவது என்று முடிவுசெய்கிறவர்கள் தொலைபேசியில் வாக்களிக்கிற பார்வையாளர்கள். நாமினேஷன் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதே விதிமீறல்.

கூட்டணி என்பது இந்த விளையாட்டுகளின் இயல்பான பகுதி என்று இன்று தோன்றுகிறது. அப்போது அப்படி இல்லை. 'சர்வைவரி'ல் ரிச்சர்ட் ஹாட்ச் என்பவர் நாலு பேரைச் சேர்த்தபோது மற்றவர்கள் அதை அசிங்கம் என்றுதான் நினைத்தார்கள். ஹாட்ச் கம்பெனிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆலோசகர். தன்பாலீர்ப்பாளர், அதை மறைக்காதவர். ரூடி போஷ் 72 வயது, ஓய்வுபெற்ற கடற்படைக் கமாண்டோ, தன்பாலீர்ப்பாளர்கள் மேல் தனக்குள்ள வெறுப்பை அவரும் மறைக்காதவர். சூசன் ஹாக் லாரி ஓட்டுநர். கெல்லி விகில்ஸ்வொர்த் ஆற்றுப்படகு வழிகாட்டி. இந்த நாலு பேர். இரண்டு குழுக்களும் ஒன்றாகி, பத்துப் பேர் முதல்முறை வாக்களித்த இரவில் கிரெட்சன் என்கிற பெண்ணுக்கு எதிராக விழுந்தவை நாலே வாக்குகள். மீதி ஆறும் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிப்போயின. 'நாங்க மனசாட்சிப்படி போடுவோம்' என்றிருந்தவர்கள் அதன்பிறகு வரிசையாக வெளியே போனார்கள். பத்தில் நாலு வாக்கு எப்படிப் பெரும்பான்மையாகிறது என்பதை நம் தொகுதிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிக் காட்சி. மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள்: ஹாட்ச், ரூடி, கெல்லி. ஒரு கம்பத்தின் மேல் கைவைத்தபடி வெயிலில் நிற்க வேண்டும். கடைசிவரை கையை எடுக்காதவர் மற்ற இருவரில் ஒருவரை விலக்கலாம். சில மணி நேரம் கழித்து ஹாட்ச் தானாகவே கையை எடுத்துவிட்டு விலகிக்கொள்கிறார். களைப்பினால் அல்ல. இறுதிச்சுற்றில் ரூடி எதிரே நின்றால் தான் தோற்போம் என்று அவருக்குத் தெரியும். தான் வென்று ரூடியை விலக்கினால் கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தவராகிவிடுவார், ரூடியின் வாக்கும் போய்விடும். கெல்லி வென்றால்? கெல்லியே ரூடியை விலக்குவார், தன் கையில் ரத்தம் ஒட்டாது. அப்படியேதான் நடந்தது. ரூடி ஒரு கணக் கவனக்குறைவில் கையை எடுத்துவிட, கெல்லி வென்று, அவரை விலக்கினார். கொடுத்த வாக்கை ஒருமுறையும் மீறாமலே கூட்டாளியை முடித்துவைப்பது! ஹாட்ச் தன் தொழிலில் சொல்லிக்கொடுத்த மேலாண்மைப் பாடங்களில் இதைவிடச் சுத்தமான ஒன்று இருந்திருக்குமா, தெரியவில்லை.

பிறகு, வெளியேற்றப்பட்டவர்களில் ஏழு பேர் நடுவர்களாக உட்கார்ந்து வெற்றியாளரைத் தேர்ந்தார்கள். அங்கே சூசன் ஹாக் பேசிய பேச்சு அமெரிக்கத் தொலைக்காட்சியில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஹாட்ச்சைப் பாம்பு என்றார், தன்னைக் கைவிட்ட தோழி கெல்லியை எலி என்றார். எலியைப் பாம்பு தின்பதுதான் இயற்கை, அதன்படியே நடக்கட்டும் என்று பாம்புக்கு வாக்களித்தார். 4-3 என்று ஹாட்ச் வென்றார். 2000 ஆகஸ்ட் 23 இரவு அதைப் பார்த்தவர்கள் ஐந்து கோடிக்கு மேல். ஒரு லாரி ஓட்டுநர், ஒரு படகுக்காரியைவிட ஒரு கம்பெனி ஆலோசகர் தேவலை என்று தீர்ப்பளிக்கிறார், அதுவும் இயற்கையின் பெயரால். மனிதர்கள் எழுதிய விதிப்புத்தகம், ஒருவருக்குத்தான் பணம் என்கிற ஏற்பாடு, எல்லாம் அந்த ஒரு உருவகத்தில் மறைந்துபோகின்றன. கருத்தியல் எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்ல அல்தூஸரைவிட இது எளிது.

அந்த இறுதிச்சுற்று முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. அதே நிறுவனத்தின் மற்ற வீட்டில், பிக் பிரதரில், வேறொன்று நடந்துகொண்டிருந்தது. இதைப் பலரும் மறந்துவிட்டார்கள். அந்த வீட்டில் நாடகமே இல்லை என்று அமெரிக்கப் பத்திரிகைகள் அலுத்துக்கொண்டிருந்த நேரம். சண்டை போடுகிறவர்களைப் பார்வையாளர்கள் முதலில் துரத்திவிட்டார்கள். மிஞ்சியவர்களுக்குத் தங்களுக்குள் பகைப்பதில் லாபமில்லை. ஏனென்றால் யாரையும் துரத்துகிற அதிகாரம் அவர்களிடம் இல்லை. நேரம் போகவில்லை, பேசினார்கள், கோழி வளர்த்தார்கள், சிநேகமானார்கள். வீட்டைச் சூடாக்குவதற்காகத் தயாரிப்பாளர்கள் ஒரு வலை விரித்தார்கள். யாராவது ஒருவர் தானாக வெளியே போனால் 20,000 டாலர், அவருக்குப் பதில் புது ஆள் வருவார் என்றார்கள். யாரும் அசையவில்லை. 50,000 என்றார்கள். அப்போதும் யாரும் போகவில்லை.

செப்டம்பரில் ஜார்ஜ் பாஸ்வெல் ஒரு யோசனை சொன்னார். இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் கூரை வேய்கிற தொழிலாளி அவர். கோழிகளோடு கிடப்பார் என்பதால் 'கோழி ஜார்ஜ்' என்று பட்டப்பெயர். மிச்சமிருக்கிற ஆறு பேரும் நேரடி ஒளிபரப்பின்போது சேர்ந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்துவிடுவோம் என்றார். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க, இணையத்தில் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஆறு பேரும் சம்மதித்தார்கள். போட்டி எனும் கதையாடல் ஒரு ராத்திரிக்குக் கழன்று கீழே விழுந்தது. இதற்கு நம் பாஷையில் வேலைநிறுத்தம் என்று பெயர்.

ஜார்ஜைப் புனிதராக்க வேண்டாம். வெளியே அவருடைய மனைவியும் ஊர்க்காரர்களும் அவரைக் காப்பாற்ற, வேறொரு போட்டியாளரைத் துரத்தச் சொல்லி ஆள் திரட்டி வாக்குப் போட வைத்திருந்தார்கள். சேர்ந்து வெளியேறினால் வரும் புகழைப் பற்றியும் அந்த வீட்டில் கணக்குப் போடாமல் இருந்திருக்க மாட்டார்கள். எந்த வேலைநிறுத்தத்தில்தான் கணக்கு இல்லை? அடுத்த நாட்களில் ஒவ்வொருவராகச் சந்தேகப்படத் தொடங்கினார்கள். ஐந்து லட்சம் டாலர் பரிசு அங்கேயே இருந்தது. நேரடி ஒளிபரப்பு நாள் வந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மாதக் கடைசியில் எடி மெகீ என்கிற இளைஞர் வென்றார், கதை முடிந்தது.

முடிந்ததா? 2001இல் இரண்டாவது பிக் பிரதர் வந்தபோது அமெரிக்காவில் விதி தலைகீழாக மாறியிருந்தது. பார்வையாளர் வாக்கு போய்விட்டது. வீட்டிலேயே ஒருவர் வாராவாரம் தலைவராவார், அவர் இரண்டு பேரை முன்மொழிவார், மற்றவர்கள் அவர்களில் ஒருவரை விலக்குவார்கள். அதாவது சர்வைவரின் முறை. உடனே கூட்டணிகள் முளைத்தன. 'சில்டவுன்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கும்பலின் வில் கிர்பி, நான் பொய் சொல்கிறவன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே ஜெயித்தார். மாற்றத்துக்குக் காரணம் பார்வையாளர் எண்ணிக்கையாக இருக்கலாம், சர்வைவரின் வெற்றியாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் விளைவைப் பாருங்கள். துரத்துகிற அதிகாரம் வெளியே இருந்தவரை உள்ளே இருப்பவர்கள் வீட்டுக்கு எதிராகச் சேர முடிந்தது. அந்த அதிகாரத்தைத் துண்டு துண்டாக்கி அவர்கள் கையிலேயே கொடுத்ததும் ஒருவருக்கெதிராக ஒருவர் சேர்ந்தார்கள். கூட்டணி வந்தது, கூட்டு போய்விட்டது. அதற்கப்புறம் 'ஜனநாயகம் உள்ளே வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

மிஷேல் தெ செர்த்தோ வியூகத்தையும் உபாயத்தையும் பிரித்துப் பேசுகிறார். வியூகம் என்பது சொந்தமாக ஓர் இடம் உள்ளவனுடையது. அங்கே நின்றுகொண்டு அவன் எதிரியைக் கணக்கிடுகிறான். உபாயம் இடமில்லாதவனுடையது. அடுத்தவன் இடத்தில், கிடைத்த கணத்தில், கிடைத்ததை வைத்துச் செய்வது. இந்த வீடுகளில் வியூகம் யாருடையது? சுவரும் மைக்கும் கதவும் யாருடையதோ அவர்களுடையது. ஹாட்ச் கம்பத்திலிருந்து கையை எடுத்ததுகூட உபாயம்தான், மிக நேர்த்தியான உபாயம். 'ஸ்ட்ராட்டஜி' என்ற சொல்லைப் போட்டியாளருக்குக் கொடுத்துவிட்டு உண்மையான ஸ்ட்ராட்டஜிக்காரர் பார்வையிலிருந்து மறைந்துகொள்கிறார். அந்த முதல் சர்வைவரில் விலக்கப்பட்ட ஒரு போட்டியாளர், தயாரிப்பாளர் தலையிட்டு வாக்கைத் திருப்பினார் என்று 2001இல் வழக்கே போட்டார். நிறுவனம் மறுத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

நாடகத்தை உண்டாக்குகிற கைகளையும் சொல்ல வேண்டும். மணிக்கணக்கான ஒளிப்பதிவிலிருந்து வில்லனையும் அப்பாவியையும் வெட்டியெடுத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2006இல் 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' நிகழ்ச்சியில் இந்த வேலையைச் செய்த 12 பேர், எங்களையும் எழுத்தாளர்களாக ஏற்றுக்கொள்ளுங்கள், சங்க ஒப்பந்தம் கொடுங்கள் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு வேலை போயிற்று. 2007-08இல் அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தொடர்கள் நின்றுபோயின. காலியான நேரத்தை நிரப்ப, கோடைக்கு மட்டும் வருகிற பிக் பிரதரை 2008 பிப்ரவரியிலேயே கொண்டுவந்தார்கள். திரையில் கூட்டணிகள் அமோகமாக நடந்தன.

தமிழுக்கு வந்தது பழைய முறை: உள்ளே நாமினேஷன், வெளியே வாக்கு, நாமினேஷன் பற்றிப் பேசத் தடை. இந்த முறையில் அணி சேர்கிறவர்களால் யாரையும் காப்பாற்ற முடியாது. ஒருவரைப் பலியாளாக்க மட்டுமே முடியும். 2017இல் வீட்டிலிருந்த பெரும்பாலோர் ஓவியாவுக்கு எதிராக ஒரு பக்கம் சேர்ந்தார்கள், வெளியே ஆதரவு அவர் பக்கம் குவிந்தது. அந்த வீட்டில்தான் 'சேரி' என்கிற சொல் வசையாக வந்து விழுந்தது, வெளியே கண்டனமும் எழுந்தது. ஆகவே பார்வையாளர்களின் குரூப் வெறுப்பை வெறும் பொய்யுணர்வு என்று நான் தள்ளமாட்டேன். ஊரே கூடி ஒருத்தியை ஒதுக்குவதை நம் ஜனங்கள் தெருவில் பார்த்தவர்கள், திரையிலும் அடையாளம் கண்டுகொண்டார்கள். அந்த நியாயமான கோபத்தை நிகழ்ச்சி எங்கே கொண்டுபோய்க் கட்டுகிறது என்பதுதான் சிக்கல். ஊர் கூடி ஒதுக்குவதற்கும் ஒதுக்கப்பட்டவர்கள் கூடுவதற்கும் 'குரூப்பிசம்' என்று ஒரே பெயர். சீசனுக்குச் சீசன் அந்தச் சொல் வளர்கிறது. ஆறு பேர் கதவைப் பார்த்த மாதிரி ஒரு காட்சி இந்தச் சொல்லாடலுக்குள் வந்தால், அதையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

ஜார்ஜ் பாஸ்வெல் 2006இல் திரும்பி வந்தார். பழைய போட்டியாளர்களை வைத்து நடத்திய சீசன், புது விதி. ஒரு போட்டிக்காகப் பல வாரங்கள் கூழ் மாதிரியான ஒன்றை மட்டும் தின்று காலம் தள்ள ஒப்புக்கொண்டார். அணிகளுக்கு நடுவே எப்படியோ ஒதுங்கி நெடுநாள் தாக்குப்பிடித்தார். கடைசியில் சக போட்டியாளர்கள் வாக்களித்து வெளியேற்றினார்கள், ஐந்தாம் இடம். அந்தச் சீசனில் வென்றவர் 2001இன் சில்டவுன் கூட்டணியைச் சேர்ந்த மைக்.