ஒரு நிமிஷம், சார்!

எண்ணூர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. அதைத் தாண்டினால் அதே பழைய வட சென்னைதான். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நீள நீளமான காம்பவுண்டுச் சுவர்கள். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளிலும் பைக்கிலும் ஆட்கள் வெளியே வரும் நேரத்தில் ரோட்டைக் கடப்பதே ஒரு சாதனை.

அங்கே வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் வேலை பார்க்கிறார். டிப்ளமோ படித்தவர். ஏழு வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டிய கைகாரர். அவரை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸும் ஒரு புத்தகமும் கொடுத்து வாழ்த்தினார்களாம்.

‘‘அண்ணே, இந்த புக்கைப் படிச்சா போதுமா?’’ என்று எனக்கு போன் செய்தார்.

புத்தகத்தின் பெயர் ‘தி ஒன் மினிட் மேனேஜர்’. கென் பிளான்சர்ட், ஸ்பென்சர் ஜான்சன் இருவரும் சேர்ந்து 1982-ல் எழுதியது. உலகம் முழுக்க ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பதவி உயர்வு என்றால் இந்தப் புத்தகம் என்பது, கிரகப்பிரவேசம் என்றால் பிள்ளையார் படம் என்கிற மாதிரி ஆகிவிட்டது. தம்பிக்காக நானும் அதை மறுபடி எடுத்துப் படித்தேன். சின்னப் புத்தகம். ஒரு மின்சார ரயில் பயணத்தில் முடித்துவிடலாம்.

கதை இதுதான். நல்ல மேனேஜரைத் தேடி ஒரு இளைஞன் ஊர் ஊராக அலைகிறான். கடைசியில் ஒருவரைக் கண்டுபிடிக்கிறான். அவருக்குக் கீழே வேலை செய்யும் மூன்று பேர் ஆளுக்கொரு ரகசியம் சொல்கிறார்கள். ஒன்று, இலக்கை ஒரே பக்கத்தில் எழுது, ஒரு நிமிஷத்தில் படித்துவிடும்படி. இரண்டு, ஒருவர் சரியாகச் செய்யும்போது கையும் களவுமாகப் பிடித்து ஒரு நிமிஷம் பாராட்டு. மூன்று, தப்புச் செய்தால் அப்போதே ஒரு நிமிஷம் கண்டித்துவிட்டு, ‘ஆனாலும் நீ நல்லவன்’ என்று சொல்லி முடி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாராட்டு விஷயத்தில் இந்தப் புத்தகத்துக்கு ஒரு சலாம். நம் ஊர் மேனேஜர்கள் பல பேர், வாயைத் திறந்து ‘நல்லா பண்ணேப்பா’ என்று சொன்னால் சம்பளம் ஏற்றித் தர வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிறவர்கள். அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

சரி, நம் தம்பி என்ன ஆனார்?

புத்தகத்தில் சொன்னபடியே செய்தார். பிரஸ் ஷாப்பில் மணிக்கு இத்தனை பீஸ் என்று இலக்கை எழுதி ஒட்டினார். ஒரு பையன் அதைத் தாண்டி அடித்தான். உடனே எல்லார் முன்னாலும் தோளில் தட்டிப் பாராட்டினார். அப்படியே இரண்டாவது ரகசியம்!

நாலு நாள் கழித்து, ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கிற பெரியவர் ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். ‘‘சார், அவன் மெஷினை ஒருவாட்டி கிட்ட போய்ப் பாரு சார்.’’

பவர் பிரஸ் பார்த்திருக்கிறீர்களா? தகட்டை உள்ளே வைத்து இரண்டு பட்டனையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலேயிருந்து டை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே இருக்காது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நம் பையன் ஒரு பட்டனில் மரச்சில்லு செருகி வைத்திருந்தான். ஒரு கையால் தகடு வைப்பது, ஒரு கையால் அழுத்துவது. வேகம் வரத்தானே செய்யும்?

பாராட்டு கிடைத்தது வேலைக்கு அல்ல, அந்த மரச்சில்லுக்கு. நல்ல வேளையாக அவனுடைய பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

‘‘ஏண்ணே இத மொத நாளே சொல்லல?’’ என்று தம்பி பெரியவரிடம் கேட்டிருக்கிறார். அவர் சொன்ன பதில்: ‘‘நீ எங்கூட டீ குடிச்சிக்கினு இருந்தப்போ சொல்லியிருப்பேன். இப்ப நீ சார் ஆயிட்டே.’’

என் விமர்சனம் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது. நேற்று வரை ‘வாடா, போடா’ என்றவர்கள் இன்றைக்கு ‘சார்’ என்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. மேனேஜர் ஆன அன்று உங்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கிறது, ஆனால் இரண்டு காது போய்விடுகிறது. அதைத் திரும்ப வாங்குவது எப்படி? புத்தகத்தின் மேனேஜரும் வாரம் ஒரு மீட்டிங் போடுகிறார், மற்றவர்கள் சொல்வதைக் கேட்கிறார். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று ரகசியங்களில் அது இல்லை. மூன்றுமே மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்லும் விஷயங்கள். கீழேயிருந்து மேலே வர வேண்டிய சங்கதிக்கு அங்கே ஒரு நிமிஷம் கூட ஒதுக்கவில்லை.

இன்னொரு குறை. அந்த மேனேஜருக்கு மேலே ஒரு மேனேஜர் இல்லை! யூனியன் இல்லை. கான்ட்ராக்ட் தொழிலாளி இல்லை. ‘மாதக் கடைசிக்குள் டார்கெட் முடியணும்’ என்று நடு ராத்திரியில் போன் வருவதில்லை. கீழே வேலை பார்க்கிற மூன்று பேருமே அவரைக் கொண்டாடுகிறார்கள். இப்படி ஒரு ஆபீஸ் எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், நானே அப்ளிகேஷன் போடுகிறேன்.

ஆசிரியர்களே ஒரு ரகசியத்தை மாற்றிவிட்டார்கள், தெரியுமா? 2015-ல் வந்த புதிய பதிப்பில் ‘கண்டிப்பு’ போய், ‘திருத்தி வழி காட்டுதல்’ வந்துவிட்டது. 33 வருஷத்துக்குப் பிறகு தன் புத்தகத்தைத் திருத்துவது நல்ல குணம். ஆனால் அதுவரை அந்த ஒரு நிமிஷக் கண்டிப்பை வேதமாக நினைத்துத் திட்டியவர்களும், திட்டு வாங்கியவர்களும் கணக்கில் வர மாட்டார்கள்.

எண்ணூர் மாதிரி இடத்தில் இது வெறும் ஆபீஸ் விவகாரம் இல்லை. 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை, எண்ணெய் மாசு இல்லை என்றுதான் துறைமுகத்திலிருந்து முதலில் செய்தி வந்தது. அப்புறம் எர்ணாவூர் கரையில் கறுப்புக் குழம்பு ஒதுங்கியது. மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் பக்கெட்டில் அள்ளினார்கள். ‘பிரச்னை இல்லை’ என்று முதலில் சொல்வது எல்லா மேஜைக்கும் பிடித்த பழக்கம். கெட்ட செய்தி தாமதமாக வருகிற இடத்தில், மரச்சில்லாக இருந்தால் ஒருவன் விரல் போகும். எண்ணெயாக இருந்தால் ஊர்க் கடலே போகும்.

பக்கத்துத் திருவொற்றியூரில் ஒரு நிஜக் கதை உண்டு. ராயல் என்ஃபீல்ட். 2000-ல் அந்தக் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தபோது பொறுப்பேற்ற சித்தார்த்த லாலுக்கு வயது 26. முதலாளி வீட்டுப் பிள்ளை, அதை மறக்க வேண்டாம். ஆனால் அவர் அந்த வண்டியை ஓட்டுகிறவர். புல்லட் ஓட்டியவர்களின் புலம்பல் ஊரறிந்தது. எண்ணெய் ஒழுகும், உதைத்து உதைத்துக் கால் போகும், கியர் வலது பக்கம். ஒவ்வொன்றாக மாறின. கியர் இடது பக்கம் வந்தபோது பழைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். புது எஞ்சின் வந்து, ‘கிளாசிக்’ வண்டி 2009-ல் ரோட்டுக்கு வந்தபோது ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. நிமிஷம் இல்லை ஐயா, வருஷம்!

அதோடு கதை சுபம் என்று நினைக்காதீர்கள். அதே கம்பெனியின் ஒரகடம் ஆலையில் 2018-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வண்டி ஓட்டுபவரின் குறையைக் கேட்கிற காது வேறு, வண்டி செய்பவரின் குறையைக் கேட்கிற காது வேறு போலிருக்கிறது. இரண்டும் வேண்டும்.

ஊருக்கு உபதேசம் செய்கிறேனே, என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன் நான். ஒரு பத்திரிகையில் என்னை ஐந்து பேருக்குப் பொறுப்பாளன் ஆக்கினார்கள். நான் என்ன செய்தேன்? ஐந்து பேர் எழுதியதையும் உட்கார்ந்து நானே திருத்தி எழுதினேன். ராத்திரி பதினோரு மணி வரை வேலை. தியாகி மாதிரி ஒரு பெருமை வேறு. மூன்றாம் மாதம் ஒரு பெண் நிருபர் கேட்டார்: ‘‘எப்படியும் நீங்க மாத்தத்தான் போறீங்க. நான் எதுக்கு சார் கஷ்டப்பட்டு எழுதணும்?’’ அவர் கேட்டதும் அந்தப் பெரியவர் சொன்னதும் ஒரே ரகம்தான். அதற்கு நான் மூன்று மாதம் காத்திருக்க வைத்தேன் என்பதுதான் என் கணக்கில் பற்று.

ஆகவே தம்பிக்குச் சொன்னது: புத்தகத்தைப் படி. பாராட்டை எடுத்துக்கொள். ஆனால் பாராட்டுவதற்கு முன்னால் மெஷினுக்குப் பக்கத்தில் போய்ப் பார். ஏழு வருஷம் செய்த வேலையில் மறுபடி கையை வைக்காதே. கெட்ட செய்தி கொண்டுவருகிறவனை எரிந்து விழாதே. முதல் தடவை விழுந்தால் இரண்டாவது தடவை அவன் வர மாட்டான்.

தம்பி இப்போது மத்தியான டீயை ஆபீஸ் அறையில் குடிப்பதில்லையாம். பெரியவர் பக்கத்தில் போய் நிற்கிறார். முதல் வாரம் யாரும் பேசவில்லை. இரண்டாம் வாரம் கிரிக்கெட் பேசினார்கள். மூன்றாம் வாரம், கைவிரல் தப்பிய அதே பையன் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தானாம்.

‘‘ஒரு நிமிஷம், சார்... அந்த மூணாம் நம்பர் பிரஸ் சத்தம் சரியில்ல.’’

புத்தகத்தில் விட்டுப்போன ஒரு நிமிஷம் இதுதான்.