துண்டும் அட்டையும்

திறனாய்வாளன் கவிதையையும் கதையையும் மட்டுமே எடைபோட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஒரு சமுதாயம் தன் நம்பிக்கைகளை நூல்களில் மாத்திரம் எழுதி வைப்பதில்லை. விளம்பரத்திலும், சம்பளச் சீட்டிலும், கடைக் கணக்கிலும், கையொப்பமிட்டுக் கொடுக்கும் ஒப்பந்தங்களிலும் எழுதி வைக்கிறது. அவற்றுக்கும் உருவம் உண்டு, உள்ளடக்கம் உண்டு. உருவம் ஒன்றைச் சொல்ல, உள்ளடக்கம் வேறொன்றைச் செய்யுமானால் அம்முரண்பாட்டை எடுத்துக்காட்டுவது திறனாய்வின் கடமையே ஆகும்.

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் ‘நூல்’ உள்ளங்கையில் அடங்கக்கூடியது. அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய விசா கடனட்டை அது. 1955இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்காவைத் திறந்த அந்நிறுவனம், 2003இல் பாங்க் ஒன் என்னும் வங்கியோடு கூடி இவ்வட்டையை வெளியிட்டது. மறு ஆண்டே அவ்வங்கி ஜே.பி. மோர்கன் சேஸ் வங்கியோடு இணைந்தது. அட்டையின் முகத்தில் குழந்தைகள் விரும்பும் சித்திரப் பாத்திரங்கள் சிரிக்கின்றன. இதைக் காட்டி எந்தக் கடையில் எதை வாங்கினாலும், செலவில் ஒரு சிறு பங்கு ‘டிஸ்னி வெகுமதி டொலர்’ என்னும் பெயரில் வாங்கியவர் கணக்கில் சேர்கிறது. பூங்காவுக்குச் சென்றால் அட்டைக்காரர் குடும்பத்துக்கெனத் தனியிடம் உண்டு. பாத்திரங்களின் வேடம் பூண்டவர்கள் அங்கே நின்று குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்வார்கள்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டப்புறங்களில் கற்பிக்கும் ஆசிரியரும் அங்கே பயிலும் மாணவரும், “நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தெகியோவிட்டையில் றப்பர்ப் பால் வெட்டும் குடும்பத்துக்கோ, பலாங்கொடையில் கொழுந்தெடுக்கும் குடும்பத்துக்கோ இவ்வட்டை கிடைக்கப் போவதில்லை. ஆயினும் இதைச் சரியாகப் படித்தறியும் தகுதி நமக்கு மிகுதியாகவே உண்டு. கடன் கருணையின் உடை தரித்து வருவதை நம் முன்னோர் நூறாண்டுக் காலம் அருகிருந்து பார்த்தவர்கள். அவர்கள் கையிலும் ஒரு தாள் இருந்தது. அதன் பெயர் துண்டு.

திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணி ஆள் திரட்டி வந்தபோது வழிச்செலவும் முற்பணமும் கொடுத்தான். கொடுத்தது அனைத்தும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறிற்று. தோட்டம் கொடுத்த அரிசியின் விலையும் கூலியிலிருந்தே கழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கிலும் சப்பிரகமுவையின் தாழ்ந்த மலைகளிலும் றப்பர் பரவியபோது ஆள் தேவை பெருகியது. தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு முற்பணத்தை உயர்த்தின. உயர்ந்த முற்பணம் தொழிலாளியின் முதுகில் உயர்ந்த கடனாயிற்று. ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இவர்கள் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்ளும். கடன் தீர்ந்ததா? இல்லை, கடன்காரன் மாறினான், அவ்வளவே. சொல்லாமல் வெளியேறியவனுக்கு 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சிறையைக் காட்டியது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

அமெரிக்க அட்டையையும் அந்தத் துண்டையும் ஒன்றென்று கூறுவது என் நோக்கமன்று. அட்டைக்காரன் வேலையை விட்டால் சிறைக்குப் போவதில்லை. அட்டையைத் தானே விரும்பிப் பெறுகிறான். நினைத்த நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த வேற்றுமைகளை மறைப்பவன் துண்டின் கொடுமையையே சிறுமைப்படுத்துகிறான். ஆனால் துண்டைப் படித்தறிந்தவன் எந்தக் கடன் தாளைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்கக் கற்றிருப்பான். கொடுப்பது எவ்வளவு? கொடுத்ததை எங்கே செலவிடலாம்? அதன் விலையை இறுதியில் யார் கட்டுகிறார்கள்? இம்மூன்றையும் கொண்டே அட்டையை எடைபோடுவோம்.

முதலாவது, கொடுப்பது எவ்வளவு என்பது. ஆண்டுக் கட்டணம் இல்லாத வகையில் பெரும்பாலான செலவுக்குக் கிடைப்பது 1 வீதம். கட்டணம் வாங்கும் வகையில் உணவு, எரிபொருள் போன்ற சிலவற்றுக்கு 2 வீதம். 10,000 டொலர் செலவு செய்தவனுக்கு 1 வீதக் கணக்கில் 100 வெகுமதி டொலர் சேரும். டிஸ்னிலாந்தின் ஒரு நாள் நுழைவுச்சீட்டே 100 டொலருக்கு மேல். தாய், தந்தை, இரு பிள்ளைகள் என நால்வர் ஒரே ஒரு நாள் உள்ளே செல்ல வேண்டுமானால் 40,000 டொலருக்கு மேல் செலவு செய்து முடித்திருக்க வேண்டும். இனி மறுபக்கம். 2023 முதல் அமெரிக்கக் கடனட்டைகளின் சராசரி வட்டி ஆண்டுக்கு 20 வீதத்துக்கு மேல் நிற்கிறது. 1,000 டொலர் பாக்கியை ஓராண்டு சுமப்பவன் ஏறத்தாழ 200 டொலர் வட்டி கட்டுகிறான். அந்த 200ஐ வெகுமதியாகத் திரும்பப் பெற அவன் 20,000 டொலருக்குப் பொருள் வாங்க வேண்டும். தோட்டப் பாடசாலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடக்கூடிய கணக்கு இது. கணக்கு கடினமாயிருப்பதால் மக்கள் ஏமாறுவதில்லை. கணக்கின் மேல் ஒட்டியிருக்கும் சிரிக்கும் முகம் பென்சிலை எடுக்கவிடாமல் செய்கிறது.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியமானது. வெகுமதி டொலர் என்னும் பெயரில் ‘டொலர்’ இருப்பினும் அது நாட்டின் நாணயமன்று. பூங்காவின் சீட்டு, விடுதி, உணவு, பொம்மை என்று கொடுத்தவன் கடையிலேயே அது பெரும்பாலும் திரும்பிச் செல்ல வேண்டும். கட்டணம் வாங்கும் வகையொன்றில் விமானச் சீட்டுக்கும் பயன்படுத்தும் வசதி உண்டு. ஆனால் அந்த விமானமும் குடும்பத்தைப் பெரும்பாலும் பூங்காவின் வாசலை நோக்கியே சுமந்து செல்லும். இதே நிறுவனம் 1987 முதல் 2016 வரை ‘டிஸ்னி டொலர்’ என்னும் அச்சிட்ட தாள்களை விற்றது. ஒரு டொலர் கொடுத்து ஒரு டொலர் மதிப்புள்ள தாளை வாங்கலாம். அதை நிறுவனத்தின் இடங்களிலேயே செலவிடலாம். படத்தின் அழகுக்காகப் பலர் அதைச் செலவிடாமல் நினைவுப் பொருளாக வீட்டில் வைத்துக்கொண்டனர். பொருள் எதையும் கொடுக்காமலே முழுக் காசு நிறுவனத்தின் கையில் தங்கிற்று.

முதலாளி தானே பணம் அச்சிடும் இவ்வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் கூலிக்குப் பதிலாகப் பண்டமும் தம் கடைச் சீட்டும் கொடுத்து வந்தனர். 1831ஆம் ஆண்டின் சட்டம், பல தொழில்களில் கூலியை நாட்டின் நாணயத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று விதித்து அதைத் தடுத்தது. தன் நாட்டில் தவறென்று கண்டதை இலங்கைத் தோட்டத்தில் அரிசிக் கழிவாக அதே ஆட்சி நெடுங்காலம் நடத்தியது என்பதை நாம் மறந்துவிடலாகாது. கூலியை நாணயமாகக் கேட்ட தொழிலாளியின் கோரிக்கையில் ஆழ்ந்த உண்மை ஒன்று உண்டு. நாணயம் கையிலிருப்பவன் எந்தக் கடைக்கும் போகலாம். எதையும் வாங்காமலும் இருக்கலாம். சீட்டு கையிலிருப்பவனுக்கு அந்தத் தெரிவு இல்லை. கொடுத்தவனிடமே திரும்பிச் செல்ல வேண்டிய வெகுமதி, முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளப்பட்ட விற்பனையாகும்.

மூன்றாவது, யார் கட்டுகிறார்கள் என்பது. அட்டையால் நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் கடைக்காரர் ஒரு கட்டணம் இழக்கிறார். அதை ஈடுசெய்யப் பொருளின் விலையை உயர்த்துகிறார். உயர்ந்த விலையை அட்டைக்காரனும் கட்டுகிறான். கையில் காசோடு வருபவனும் கட்டுகிறான். ஆனால் வெகுமதி திரும்புவது அட்டைக்காரனுக்கு மட்டுமே. 2010இல் பொஸ்டன் நகர ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் குடும்பம் ஒன்றிடமிருந்து ஆண்டுக்குச் சராசரி 149 டொலர் இவ்வழியே வெளியேறுகிறது. அட்டையால் வாங்கும் குடும்பம் ஒன்றுக்குச் சராசரி 1,133 டொலர் வந்து சேர்கிறது. காசால் வாங்குவோரில் வறியோரே மிகுதி. அட்டை வைத்திருப்போரில் வசதியுள்ளோரே மிகுதி. எனவே வெகுமதி வானத்திலிருந்து விழவில்லை. கீழிருந்து மேலே ஏறுகிறது. அட்டைக்காரன் பிள்ளை தனியிடத்தில் எடுத்துக்கொள்ளும் அந்தப் படத்துக்கு, பூங்காவின் வாசலையே காணாத ஒரு தாயும் பங்கு கட்டியிருக்கிறாள்.

இவ்விடத்தில் அட்டையின் பக்கத்து வாதத்தையும் கேட்டாக வேண்டும். மாதந்தோறும் பாக்கியில்லாமல் கட்டிவிடுபவன், எப்படியும் பூங்காவுக்குச் செல்லத் தீர்மானித்தவன், தேவைக்கு மேல் ஒரு காசும் செலவிடாதவன் இவ்வட்டையால் நட்டமடைவதில்லை. சிறிது இலாபமும் அடைவான். இது உண்மையே. ஆனால் எல்லாரும் அவனைப் போலிருந்தால் வட்டி வருமானம் எங்கிருந்து வரும்? பாக்கி வைப்போர் இருப்பதாலேயே இந்த ஏற்பாடு செழிக்கிறது. ஒரு திட்டத்தின் சமுதாய மதிப்பை அதில் தப்பித்துக்கொண்ட கெட்டிக்காரனைக் கொண்டு அளப்பது முறையாகாது. கங்காணி முறையிலும் தலைக்காசு பெற்றுச் செல்வம் சேர்த்தவர்கள் இருந்தார்கள். அதனால் அம்முறை நல்லதாகிவிடவில்லை.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். இலங்கை மத்திய வங்கி 2020இல் கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 2022 ஏப்ரலில் வரம்பு நீங்கியது. அவ்வாண்டிலேயே வங்கிகள் 36 வீதம் வரை ஏற்றின. கொழும்பின் பெருங்கடைகளில் இன்ன வங்கியின் அட்டைக்கு இன்ன நாளில் இவ்வளவு கழிவு என்று பலகை தொங்குகிறது. அதே கடையில் சாமான் அடுக்கும் எட்டியாந்தோட்டை இளைஞனும் காவத்தை இளம்பெண்ணும் முழு விலை கொடுத்தே அரிசியும் பால்மாவும் வாங்குகிறார்கள். அவர்களுட் பலர் நம் வகுப்பில் இருந்தவர்கள்.

தோட்டத்திலோ வேறொரு காட்சி. ஆண்டுதோறும் தீபாவளி நெருங்கும்போது முற்பணம் பற்றிய பேச்சு எழும். எவ்வளவு, எப்போது என்று பேச்சுவார்த்தை நடக்கும். கிடைத்ததும் வெற்றி முழக்கம் எழும். பின்னர் அத்தொகை மாதந்தோறும் சம்பளத்திலிருந்து தவணையாகக் கழிக்கப்படும். தொழிலாளியின் நாளைய உழைப்பை இன்று அவருக்கே கடனாகக் கொடுத்துவிட்டு, அதற்காக நன்றியும் எதிர்பார்க்கிறார்கள். வட்டியில்லை, உண்மைதான், பண்டிகைக்குப் புத்தாடை எடுக்க அதுவும் இல்லையென்றால் குடும்பம் அடகுக்கடை வாசலில்தான் நிற்கும். ஆகவே முற்பணத்தை இகழ்வது என் கருத்தன்று. முற்பணமில்லாமல் பண்டிகை கொண்டாட முடியாத கூலியே இகழத்தக்கது. 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்ட நாட்கூலியும் ஒவ்வொரு முறையும் நெடிய போராட்டத்துக்குப் பின்னரே வந்தது. அதுவும் முழுப்பேர் விழுந்தால்தான் முழுமையாகக் கைக்கு வரும்; நிறுவையில் குறைந்தால் அரைப்பேர்.

இவ்வாறு எழுதுவதால் குழந்தையின் விளையாட்டுக்கு நாம் பகைவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். லயன் வாசலில் பழைய சைக்கிள் சக்கரத்தை உருட்டி ஓடும் பிள்ளைக்கும் இராட்டினம் ஏற ஆசை உண்டு. அந்த ஆசை மிக நேர்மையானது. குழந்தையின் களிப்பை எடுத்துத் தந்தையின் கடன் தாளுக்கு முகப்புச் சித்திரமாக ஒட்டுவதே நேர்மையற்றது. துண்டு தன் முகத்தை மறைக்கவில்லை. இவ்வளவு கடன், இவ்வளவு ஆட்கள் என்று அது வெளிப்படையாகவே பேசிற்று. ஆதலால் அதை அறிந்து வெறுக்கவும் எதிர்க்கவும் முடிந்தது. அட்டையின் உருவமோ விளையாட்டு, உள்ளடக்கம் கடன். உருவத்தின் வெற்றியே இங்கு உள்ளடக்கத்தின் பாதுகாப்பு. கலைக்கு நாம் சொல்லும் குற்றம் இதற்கும் பொருந்தும்: அழகு உண்மையை விளக்கப் பயன்படாமல், அதை மறைக்கப் பயன்பட்டிருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் துண்டின் வாசகத்தையும் மறுபக்கம் இன்றைய கடனட்டை விளம்பரம் ஒன்றின் வாசகத்தையும் எழுதுங்கள். கொடுப்பது எவ்வளவு, எங்கே செலவிடலாம், யார் கட்டுகிறார்கள் என்னும் மூன்று கேள்விகளையும் மாணவர்களே கேட்கட்டும். கணக்கையும் அவர்களே போடட்டும். நாளை அவர்களுள் ஒருவர் வங்கியில் அமர்ந்து அட்டை விற்கக்கூடும். ஒருவர் அதை வாங்கக்கூடும். ஒருவர் தொழிற்சங்க மேசையில் கூலி பேசக்கூடும். மூவருக்கும் இக்கணக்கு வேண்டும். வெகுமதி, சலுகை, முற்பணம் என்று எந்தப் பெயரில் வந்தாலும், ஒரு தாள் தன்னை வைத்திருப்பவருக்கு வேறு கடைக்குப் போகும் சுதந்திரத்தை விட்டு வைக்கிறதா என்று அவர்கள் முதலில் பார்க்கட்டும். விட்டு வைக்கவில்லையெனில், அதன் மீது எத்தனை வண்ணப் படங்கள் இருந்தாலும் அது துண்டின் உறவுதான்.