கூப்பர் பிளாக் எந்தக் காலத்து எழுத்து?

ஃபான்ட் விற்கும் தளங்களில் 'எழுபதுகள்' என்று தேடினால் வந்து நிற்கும் தடித்த, உருண்டையான எழுத்து கூப்பர் பிளாக். காபிக்கடை போர்டு, டி-ஷர்ட், பழைய பாட்டு கச்சேரிக்கு போஸ்டர்னு எதுவானாலும், பழைய வாசனை வேணும்னா இதை எடுத்து ஒட்டிடறாங்க. இந்தப் பழக்கத்தோட எனக்கு ரெண்டு சண்டை இருக்கு. ஒண்ணு வரலாறு, இன்னொண்ணு பயன்பாடு.

இதை வரைஞ்சவர் ஆஸ்வால்ட் கூப்பர், சிகாகோவில் விளம்பரங்களுக்கு எழுத்து வரைந்தவர். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பு நிறுவனம் 1922-ல் இதை வெளியிட்டது. அன்றைக்கு இது பழசு இல்லை, புத்தம் புது விளம்பர எழுத்து. போட்டிக்கு லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனம் 1925-ல் 'கவுடி ஹெவிஃபேஸ்' கொண்டுவந்தது. அதை வரைந்த ஃப்ரெடெரிக் கவுடி, கூப்பருக்கே பாடம் எடுத்தவர்! கூப்பர் 1940-ல் இறந்துவிட்டார். எழுபதுகளை அவர் பார்க்கவே இல்லை.

அப்புறம் எப்படி இந்த முகவரி வந்தது? ஈய எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனி உலோகக் கட்டை மேல் நிற்கும். கட்டையை அரம் போட்டுத் தேய்க்காமல் இரண்டு எழுத்தை ரொம்ப நெருக்க முடியாது. போட்டோ டைப்செட்டிங்கும், லெட்ராசெட் மாதிரி தேய்த்து ஒட்டும் தாள்களும் அறுபதுகளில் பரவியபோது அந்தத் தடை போச்சு. 1966-ல் வந்த பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' அட்டையைப் பாருங்க. மேலே பச்சைப் பட்டையில் எழுத்துகள் நெருங்கியடித்து நிற்கும். நாம 'ரெட்ரோ'ன்னு சொல்றதுல பாதி அந்த நெருக்கம்தான். எழுத்து 1922, இடைவெளி அறுபதுகள்.

இன்னைக்கு டிசைன் பண்றவங்க பலர் எழுத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, மென்பொருள் தானாகத் தர்ற இடைவெளியை அப்படியே விட்டுடறாங்க. கூப்பரின் காலமும் வரல, எழுபதுகளும் வரல. வெறும் குண்டு எழுத்துதான் மிச்சம்.

இரண்டாவது சண்டைக்கு எழுத்தோட வடிவத்தைப் பார்க்கணும். கோடுகள் முடியும் இடமெல்லாம் மழுங்கி உருண்டிருக்கும், 'ஓ' லேசா பின்னால் சாய்ந்திருக்கும். அதனால்தான் சத்தமா பேசினாலும் அதட்டுற மாதிரி இல்லை. கூர்மையான முனையே இல்லாததால், துணியில் கொஞ்சம் கலங்கி அச்சானாலும் உறுத்தாது. ஈஸிஜெட் விமான நிறுவனம் 1995-ல் இதைத் தன் லோகோவாக்கியது எனக்கு நல்ல தேர்வாகவே படுது. ஆரஞ்சில் வெள்ளையாக ஒரே ஒரு சொல், பெரிய அளவில். மலிவான டிக்கெட்டைச் சிரிச்ச முகத்தோட விக்கிற குரல் அது. அங்கே யாரும் எழுபதுகளை நினைக்கறதில்லை.

இதே எழுத்தில் மெனு கார்டின் நாலு வரி விளக்கத்தை அடிச்சா கதை வேற. எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் ஏற்கெனவே சின்னது, அளவு குறையக் குறைய அது அடைச்சுக்கும். இரண்டாவது வரியிலேயே கண் சோர்ந்துபோகும்.

எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி போதும்: எனக்கு வேணுங்கறது பழைய காலமா, சிரிச்ச முகமா? சிரிச்ச முகம்னா, ரெண்டு மூணு சொல்லோட நிறுத்திக்கிட்டா கூப்பர் பிளாக் கைவிடாது. பழைய காலம்தான் வேணும்னா, முதல்ல எழுத்து இடைவெளியில் கை வைக்கணும்.