அன்னா கொண்டுபோன பிறந்த ஊர்

வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிறவர்கள் பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று இணையத்தில் ஏகப்பட்ட பட்டியல்கள் கிடைக்கின்றன. அவற்றில் இல்லாத ஒரு சாமானைப் பற்றி இந்தக் குறிப்பு.

அன்னா லியோனோவென்ஸ் 1862ல் சிங்கப்பூரிலிருந்து பாங்காக் போனார். வேலை, சயாம் மன்னர் மோங்குட்டின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்பிப்பது. மகளை இங்கிலாந்தில் படிக்க அனுப்பிவிட்டு, மகனை மட்டும் கூட்டிப்போனார். மதமாற்ற வேலை கூடாது என்று மன்னர் முன்கூட்டியே கடிதத்தில் எழுதிவிட்டார். 1870ல் அன்னா வெளியிட்ட ‘தி இங்கிலீஷ் கவர்னஸ் அட் தி சயாமீஸ் கோர்ட்’ புத்தகத்தில் அந்தக் கடிதம் இருக்கிறது.

எனக்குத் தலைப்பே இடிக்கிறது. அவரை அமர்த்தியது டீச்சராக, கவர்னஸாக அல்ல. ‘இங்கிலீஷ்’ மட்டும் என்னவாம்? வேல்ஸில் பிறந்தவர், ராணுவ மேஜரின் விதவை என்று சொல்லிக்கொண்டார். 1970களில் பிரிஸ்டோ என்பவர் ஆவணங்களைத் தோண்டினார். அன்னா பிறந்தது 1831ல், இந்தியாவில். கணவர் குமாஸ்தாவாக இருந்தவர். இதைக் கண்டுபிடித்த பிரிஸ்டோ வரலாற்றுப் பேராசிரியர் இல்லைங்க, சிலந்தி ஆராய்ச்சியாளர்! நம்ம கட்சி.

ஆகவே சயாம் அரண்மனை பற்றி அன்னா சொல்வதையும் சரிபார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவரை வெறும் புளுகி என்று ஒதுக்க மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வேலை கிடைத்திருக்குமா?

இன்றும் தென் கொரியாவில் இங்கிலீஷ் கற்பிக்க ஈ-2 விசா பொதுவாக 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான். நன்றாகச் சொல்லிக்கொடுப்பாரா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது.