வத்தளை மதிலும் சென்னைச் சுண்ணாம்பும்

வீட்டுச் சுவரில் பச்சைப் பாசி படர்ந்தால் வத்தளையிலும் சென்னையிலும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: எதை ஊற்றிக் கழுவுவது? கழுவிய சுவர் காய எத்தனை மாதம் கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. பாசி திரும்புமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பொங்கலுக்குச் சுவரைத் தேய்த்து வெள்ளையடிக்கும் வழக்கம் அந்த மழை ஓய்ந்த கையோடு வருகிறது. ஈரச் சுண்ணாம்பின் காரம் பாசியைக் கொல்கிறது. ஆனால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேரச் சேர அந்தக் காரம் தணிந்துவிடும். அதன்பின் சுவரைக் காப்பது மாதக்கணக்கான வெயில். பெயர் மட்டும் சுண்ணாம்புக்கு.

கொழும்புப் பக்கம் மழை சுமார் 2400 மில்லிமீற்றர்; சித்திரை, வைகாசியில் ஓர் உச்சம், ஐப்பசி, கார்த்திகையில் இன்னோர் உச்சம். வத்தளைக்குத் தெற்கே களனி கங்கை, ஊடே ஹமில்டன் கால்வாய், வடக்கே முத்துராஜவெல சதுப்பு. மதிலின் அடி காய்வதற்கே நாளெடுக்கும். இங்கே சித்திரைப் புத்தாண்டுக்குப் பூசுகிறவரின் சுவர் புதுக்கருக்கு மாறுமுன் நனைகிறது. நத்தாருக்குப் பூசுகிறவருக்காவது தை, மாசி வெயில் கிடைக்கும். ஆகவே இந்தியாவில் நமக்குப் பாடம் சொல்லக்கூடிய ஊர், நம்மைப் போலவே இரண்டு மழைக்காலம் காணும் கேரளத்துக் கொச்சி; சென்னையல்ல. பச்சைப்பாசி இனத்தைச் சேர்ந்திருந்தும் செம்மஞ்சளாய்ப் படரும் ட்ரென்டிபோலியா கேரளத்துச் சுவர்களில் சாதாரணம். அங்குள்ள பழைய வீடுகள் தாழ இறங்கிய கூரையால் மழையைச் சுவரிலிருந்து தள்ளி விழவைத்தன. நம் பழைய ஓட்டு வீடுகளும் அப்படித்தான். இன்று வத்தளையில் எழும் கூரைநீட்டமற்ற பெட்டி வீடுகள், மொட்டைமாடிச் சென்னையின் வடிவத்தை அதன் வெயில் இல்லாமல் இரவல் வாங்கியவை.

கடுமையான அமிலமோ அழுத்த நீரோ போதாதா என்பார்கள். அமிலம் சீமெந்தை அரித்துச் சொரசொரப்பாக்கும். அழுத்த நீர் வெடிப்புக்குள் ஈரத்தைச் செலுத்தும். இரண்டும் அடுத்த பாசிக்கு இடம் செய்து கொடுக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993 வரை அங்கோர்வாட்டில் இரசாயனத்தாலும் தூரிகையாலும் செய்த துப்புரவு, கல்லின் மேற்பரப்பைக் கெடுத்ததென்று கண்டிக்கப்பட்டது. கல்லுக்கே அந்தக் கதியென்றால் பூச்சுக்கு என்ன? பாசியெதிர்ப்பு பெயின்ட் பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள மருந்து மழையில் கொஞ்சங்கொஞ்சமாய்க் கரைவது, இரண்டு மழைக்காலம் என்றால் விரைவில் தீரும். பாசி வெறும் அழகுக்குறைதானே என்போர் சுவரளவில் பெரும்பாலும் சரி. ஆனால் நனைந்துகொண்டே இருக்கும் இடத்தை அது காட்டிக்கொடுக்கிறது. படிக்கட்டில் வந்தால் காலை வாரும்.

நீர்த்த குளோரின் கரைசலும் மென்மையான தூரிகையும் போதும். அதோடு அமிலத்தைக் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். அதற்கு முன்பு, பங்குனி முடிவதற்குள், பீலி எங்கே ஒழுகிச் சுவரை நனைக்கிறது என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள்.