ஃபோர்த்: அடுக்கின் அழகு

சார்லஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த் என்ற கணினி நிரல்மொழியில் 3 4 + என்று எழுதினால், எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கில் 3 ஏறும். அதன்மேல் 4 ஏறும். கூட்டல் குறி வந்ததும் இரண்டும் இறங்கி, 7 வந்து உட்காரும். அடைப்புக்குறி வேண்டாம், முன்னுரிமை விதிகளும் வேண்டாம். தமிழில் வினை கடைசியில் வருவதுபோல், இங்கே செயல்குறி கடைசியில் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அங்கே புதுச்சொல் பிறக்கும் விதம். ‘டூப்’ என்ற கட்டளை அடுக்கின் உச்சியில் உள்ள எண்ணைப் பிரதியெடுக்கும். அதோடு பெருக்கல் குறியைச் சேர்த்து ‘வர்க்கம்’ என்று பெயரிட்டால் போதும்; நாம் செய்த அந்தச் சொல்லை மொழி தன் சொந்தச் சொல்லாகவே நடத்தும். எவ்வளவு பெருந்தன்மை!

இந்தச் சின்ன மொழி வானியலிலும் வேலை செய்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக் ரேடியோ தொலைநோக்கியை ஃபோர்த் இயக்கியது. 2014இல் வால்நட்சத்திரத்தில் இறங்கிய ஃபிலே கலத்துக்குள் இருந்ததும் ஃபோர்த்தை நேரடியாக ஓட்டும் அடுக்குச் செயலிதான்.