பாட்டுக்கு உடையவர் யார்?

ஆண்டு முடிந்தால் கணக்கு முடிப்பது வணிகர் வழக்கம். இசைச் சுவைஞரும் அவ்வழியினரே! டிசம்பர் பிறந்ததும், "இவ்வாண்டின் சிறந்த இசைத்தொகுப்புகள் எவை?" என்று ஏடுகள் பட்டியலிடும், நண்பர்கள் வாதிடுவர். ஒருவர் திரைப்பாட்டே பாட்டு என்பார். மற்றொருவர் சபாக் கச்சேரியே இசை, பிற யாவும் இரைச்சல் என்பார். இளைஞர் ஒருவர் ராப் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு இருவரையும் பார்த்துச் சிரிப்பார். நாமும் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பட்டியல் எழுதி வைத்தோம். அண்மையில் அதை எடுத்துப் பார்த்தோம். சூட்டோடு சூடாக எழுதிய தீர்ப்பை, சூடு ஆறியபின் படிப்பது நல்ல பயிற்சி. முழங்கியது எது, நிலைத்தது எது என்பது அப்போதுதான் புலப்படுகிறது.

பட்டியல் எழுதப்பட்டது திண்டுக்கல்லில். சொன்னதும் சிலர் புருவம் நெரிப்பர். திண்டுக்கல்லுக்கும் இசைக்கும் என்ன தொடர்பு? பூட்டு உண்டு; 2019-இல் புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்தது. தோல் பதனிடும் தொழில் உண்டு, நிலக்கோட்டைப் பூ உண்டு, ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தை உண்டு. இசைக்குத் தஞ்சை அல்லவா, சென்னை அல்லவா என்பர்! அவர்கட்கு ஒரு செய்தி. "கருணாமிர்த சாகரம்" எனும் பெருநூலை 1917-இல் வெளியிட்டு, இன்று கருநாடக இசை என்று வழங்குவது பழந்தமிழரின் இசையே என்று சுருதிக் கணக்குடன் வாதிட்ட ஆபிரகாம் பண்டிதர், இளமையில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்த ஊர் இதுதான். சடையாண்டிப் பத்தரிடம் அவர் இசை பயின்றதும் இவ்வூரில்தான். தஞ்சையிலே முதிர்ந்த கனி, திண்டுக்கல்லிலே அரும்பியது!

பண்டிதர் எழுப்பியது, இசை எந்த இனத்தாருடையது என்ற வினா. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டோர் எழுப்பியது, பாட்டு எந்த மொழியில் ஒலிப்பது என்ற வினா. தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டுப் போராட நேர்ந்த விந்தையை நாடு மறந்திருக்காது. 2021-இன் பாட்டுகளைக் கேட்டபோது நம்முன் நின்றது மூன்றாவது வினா. மொழி தமிழ்தான், பாடுவது தமிழர்தான், ஆனால் அந்தக் குரல் யாருடையது? அந்தக் குரலுக்கு உரிய பெயரும் பொருளும் யாரிடம் போய்ச் சேர்கின்றன?

பட்டியலின் தலையில் நாம் எழுதியிருந்தது "என்ஜாய் எஞ்சாமி". தொகுப்புகளைத் தேடும்போது தனிப்பாடல் எப்படி வந்தது என்று கேட்கலாம். வந்துவிட்டது, தடுக்க இயலவில்லை. 2021 மார்ச் 7-ஆம் நாள் மஜ்ஜா எனும் நிறுவனத்தின் வழியே வெளிவந்த அப்பாடல், சித்திரை பிறப்பதற்குள் நம் சமவெளியில் ஒலிக்காத இடமில்லை. காய்கறி ஏற்றிச்செல்லும் வண்டியில் அது. மணவீட்டுப் பந்தலில் அது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் பேருந்திலும் அதுதான்! ஆடினார்கள், மகிழ்ந்தார்கள். அது ஒப்பாரியின் வயிற்றில் பிறந்த பாட்டு என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்?

பாடலை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களை, 1948-இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பமிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று, மூட்டைகளைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டனர். அப்படித் திரும்பியோரில் ஒரு பகுதியினர் நம் கொடைக்கானல் மலையிலும் வந்து குடியேறினர். ஆகவே இப்பாட்டு நமக்கு அயலூர்க் கதையன்று. அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலையின் கதை.

'எஞ்சாமி' என்ற சொல்லைச் சற்று நிறுத்திக் கேளுங்கள். "சாமி! சாமி!" என்று பண்ணையாரின் முன் குனிந்து நின்ற வாய்தான், வீடு திரும்பியதும் மடியில் கிடக்கும் பேரக்குழந்தையை "என் சாமி" என்று கொஞ்சுகிறது. வயிற்றுக்காக ஆண்டைக்குக் கொடுத்த பட்டத்தை, அன்பினால் தன் குழந்தைக்குத் திருப்பிச் சூட்டுகிறாள் கிழவி. ஒரு சொல்லிலே ஒரு புரட்சி! இதைக் கண்டெடுத்தவர் கவிஞரே என்பதில் நமக்கு ஐயமில்லை. தீயின் குரலில் உள்ள குளிர்ச்சியும், சந்தோஷ் நாராயணன் அமைத்த இசையும் அந்தச் சொல்லைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் துள்ளல் சற்று மிகை. ஒப்பாரி வரும் இடத்தில் இன்னும் இரண்டு மூச்சு நிற்க விட்டிருக்கலாம். அழுகையைக் கேட்கும் முன்னரே கால்கள் ஆடத் தொடங்கிவிடுகின்றன.

பின்னர் நடந்தது என்ன? அதே ஆண்டு ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன் இந்தியா" இதழ் தன் முகப்பில் தீயையும், கனடாவில் வாழும் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலையும் வெளியிட்டது. "எஞ்சாமி"யை எழுதிப் பாடியவரும், ஷான் பாடிய "நீயே ஒளி" பாடலை எழுதியவரும் ஆகிய அறிவு அந்த முகப்பில் இல்லை! இயக்குநர் பா. ரஞ்சித் கண்டித்தார்; எதிர்ப்பு எழுந்தது; பிறகு அறிவுக்கென்று இணைய முகப்பு ஒன்று வந்தது. 2022 ஜூலை 28-இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டு ஒலித்தது, அறிவு அப்போது வெளிநாட்டில் இருந்தார். அவர் எழுதிய வரிகளை மேடையில் பாடி நின்றவர் கிடாக்குழி மாரியம்மாள் என்னும் நாட்டுப்புறப் பாடகி. சில நாளில் அறிவு தம் வருத்தத்தை எழுதினார். இசையமைப்பாளரும் பாடகியும் தம் தரப்பை விளக்கினர். இவருள் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தராசு பிடிப்பது நம் நோக்கமன்று. ஏனெனில் 2024 மார்ச்சில், சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார், அப்பாடலால் தங்கள் மூவருக்கும் காசு ஏதும் வரவில்லை என்று. கோடிக்கணக்கில் கேட்கப்பட்ட பாட்டு! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற பழைய மொழியைப் பாட்டுக்கும் பொருத்திவிட்டார்களே!

இரண்டாம் இடத்தில் "கர்ணன்". மாரி செல்வராஜின் படம். 2021 ஏப்ரல் 9-இல் வெளிவந்தது. இசை மீண்டும் சந்தோஷ் நாராயணன். நம் தீர்ப்பு இன்று மாறிவிட்டது. இதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். "கண்டா வரச் சொல்லுங்க" பாடலில் மேற்சொன்ன மாரியம்மாளின் குரல் எழும்போது, அழகுபடுத்தப்படாத தொண்டையின் ஆற்றல் எத்தகையது என்பது விளங்குகிறது. பயிற்சி பெற்ற குரல் சுருதியில் போய்ச் சேர்கிறது. இந்தக் குரலோ சுருதியை இழுத்துக்கொண்டு நடக்கிறது. அழைப்பது இறந்த தலைவனையா, வரப்போகும் தலைவனையா என்று கேட்பவரே முடிவு செய்யட்டும் என விட்டிருப்பது நயம். கானாவைத் திரைக்குக் கொணர்ந்து பெயர் பெற்ற தேவாவைப் பாட வைத்த பாடலும் தொகுப்பில் உண்டு. அதன் தலைப்பில் இருந்த சாதிப்பெயருக்கு எதிர்ப்பு எழவே, "மஞ்சணத்தி" என்று மாற்றினர். மாற்றியதால் பாட்டு ஒன்றும் இளைத்துவிடவில்லை.

"சார்பட்டா பரம்பரை"யைப் பற்றி நீட்டி உரைக்க வேண்டியதில்லை. கானா முத்துவும் இசைவாணியும் பாடிய "வம்புல தும்புல" ஒன்று போதும்; வடசென்னையின் தெரு அப்படியே எழுந்து வருகிறது. கானா ஆண்களின் கோட்டை என்றிருந்தபோது உள்ளே புகுந்தவர் இசைவாணி என்பதையும் மறத்தல் ஆகாது.

"ஜெய் பீம்" படத்தில் நாம் நண்பர்களோடு மாறுபட்டோம். ஷான் ரோல்டன் இசையில், ராஜுமுருகன் எழுதி, பிரதீப்குமார் பாடிய "தல கோதும்" இனிமையானது, மறுக்கவில்லை. கண்ணீர் வருகிறது, ஆனால் அது நம்மை நல்லவர் என்று நாமே எண்ணிக்கொள்ள உதவும் கண்ணீர். காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட இருளர் இளைஞனின் கதைக்கு நடுவே, அந்தப் பாட்டு நம் தலையைக் கோதி ஆறுதல் சொல்கிறது. ஆறுதல் யாருக்குத் தேவை? நமக்கா? "மாஸ்டர்" படத்தின் பாட்டைப் பற்றிக் கேட்பவர்க்கு ஒரு வரி: அடி நன்று, அடிப்பவர் யாரென்று அது கவலைப்படவில்லை.

திரைக்கு வெளியே வருவோம். ஷான் வின்சென்ட் டி பால் அவ்வாண்டு வெளியிட்ட "மேட் இன் ஜாஃப்னா" நம் பட்டியலில் ஐந்தாவது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவரின் ஆங்கில ராப் இது. தமிழ் ஏட்டில் ஆங்கிலப் பாட்டுக்கு என்ன இடம் என்று கேட்பீர். ஊரைவிட்டு ஓடிவந்த பிள்ளை, ஊரின் பெயரையே தன் தொகுப்பின் நெற்றியில் எழுதுகிறான். அதற்காகவே இடம் உண்டு. யாஞ்சன் மிருதங்கம் வாசிக்க, அதன் சொற்கட்டோடு ராப்பின் சொல்லடுக்கு போட்டியிடும் சிறு பாடல்களை முன்னரே இவர் செய்து காட்டியிருக்கிறார். அவற்றைக் கேட்ட சபா நண்பர் ஒருவர், "மிருதங்கத்துக்கு இழுக்கு" என்றார். மிருதங்கத்தின் மேலுள்ள மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எங்கிருந்து வருகின்றன, உரித்துப் பதமாக்கி வார்பிடித்தவர் யார் என்று கேட்டோம், பேச்சை மாற்றிவிட்டார்! அந்தக் கைவினைஞர் வாழ்வை டி.எம். கிருஷ்ணா "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்ற நூலாக எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டுக்குத் தந்த இசைவையே கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. தோல் பதனிடும் ஊரில் இருப்போருக்கு இந்தத் தீட்டின் கணக்கு எளிதில் புரியும்: தோல் தீட்டு, தோலில் எழும் ஒலி தெய்விகம்!

அவ்வாண்டு டிசம்பரில் நடந்த இரண்டையும் குறித்து வைத்திருந்தோம். தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அரசு அறிவித்தது, டிசம்பர் 17-இல். முல்லைப்பாணிப் பண்ணில், 55 நொடிக்குள் பாட வேண்டும். இசைத்தட்டைச் சுழல விடாமல் வாயால் பாட வேண்டும் என்பது ஆணை. மனிதர் வாய் திறக்க வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டிய நிலை! மற்றொன்று, நீலம் பண்பாட்டு மையம் நடத்திய "மார்கழியில் மக்களிசை". 2020-இல் தொடங்கிய அவ்விழா, 2021-இல் மதுரை, கோவை, சென்னை என விரிந்தது. மார்கழியைச் சபாக்களுக்கு எழுதிக் கொடுத்தவர் யார் என்று ஒப்பாரியும் பறையும் கானாவும் மேடையேறிக் கேட்டன.

பட்டியலின் இறுதியில் ஓர் இடத்தைக் கோடிட்டு விட்டிருந்தோம். அது சக்தி நாட்டுப்புறக் கலை மையத்துக்கு. அருட்சகோதரி சந்திரா திண்டுக்கல்லில் வளர்த்தெடுத்த குழு. ஒடுக்கப்பட்ட குடும்பத்து இளம்பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடும் குழு. சாவுக்கு அடிப்பது, ஆண் அடிப்பது, கூலிக்கு அடிப்பது என்றிருந்த கருவியைப் பெண்கள் கையில் எடுத்தார்கள். அமெரிக்க இசையறிஞர் ஜோ ஷெரினியன் இவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். உள்ளூரில் நாம் தொகுப்புக் கடையில் தேடிக்கொண்டிருந்தோம்.

இவர்களின் இசையை ஒலிப்பதிவாகத் தரவரிசையில் நிறுத்துவது எப்படி? வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய கன்றுத்தோல். ஆட்டத்துக்கு முன் வைக்கோல் தீயில் காய்ச்சுகிறார்கள். காயக் காயக் குரல் ஏறுகிறது. அடிக்குச்சி அடியைச் சொல்கிறது. சிண்டுக்குச்சி அதற்கு மறுமொழி சொல்கிறது. ஆடும் கால்களின் மண்ணோசை மூன்றாவது குரல். திரைப்பாட்டின் பதிவிலோ கால் போய்விடுகிறது, தீ போய்விடுகிறது. பத்துப் பறையும் ஒரே பறையாய்த் தட்டையாகி, பாடகரின் பின்னால் போய் நின்றுகொள்கிறது. தட்டின் உறையில் வாசித்தவர் பெயர் இருந்தால் நற்பேறு. அதனால்தான் 2021-இல் அந்த வரியில் எண் போடவில்லை, இன்றும் போடவில்லை. கேட்க விரும்புவோர், குழு ஆடும் இடத்துக்கு நேரில் போய், தோல் காய்ச்சும் நேரத்திலிருந்தே உடன் நிற்க வேண்டும்.